லைட் வெயிட் ரீல் வாங்கப் போறீங்களா? கிராம் கணக்குக்கு முன்னாடி ராடைப் பாருங்க!

"அண்ணே, லைட்டா ஒரு ஸ்பின்னிங் ரீல் காட்டுங்க. இது ரொம்ப கனம், ஒரு மணி நேரத்துல கை வலிக்குது."

"காட்டுறேன் தம்பி. ராடு என்ன வச்சிருக்கீங்க?"

"ராடு இருக்குண்ணே, எட்டடி. அது பிரச்னை இல்ல. ரீலுதான்."

தூண்டில் சாமான் விற்கும் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால், இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவத்தில் காதில் விழும். வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் முட்டுக்காடு பக்கமோ கோவளம் பக்கமோ ராடு தூக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் முதலில் தேடும் வார்த்தை 'லைட் வெயிட்'. ஆன்லைன் ஷாப்பிங் தளங்களும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன.

ஆனால் மேலே சொன்ன பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. கை வலிக்குக் காரணம் ரீலாக இல்லாமல், அந்த எட்டடி ராடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால், இன்னும் லைட்டான ரீலை மாட்டினால் வலி குறையாது. கூடவும் செய்யலாம்!

எப்படி? லைட்டான ரீல் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை? எடையைக் குறைக்கும்போது எதை இழக்கிறோம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்பின்னிங் ரீல்... சுற்றுவது எது?

பெயரில்தான் 'ஸ்பின்னிங்'. நூல் சுற்றியிருக்கும் உருளை, அதாவது ஸ்பூல், இந்த ரீலில் சுற்றாது. ஹேண்டிலைச் சுழற்றும்போது ஸ்பூலைச் சுற்றிவரும் 'ரோட்டார்' என்ற பாகம்தான் நூலை இழுத்து அதன் மேல் சுற்றும். ரோட்டாரின் மேல் வளைந்த கம்பி ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் 'பெயில்'. அதைத் திறந்துவிட்டு வீசினால், அசையாமல் நிற்கும் ஸ்பூலின் விளிம்பிலிருந்து நூல் வளையம் வளையமாகக் கழன்று ஓடும்.

இதில்தான் ஸ்பின்னிங் ரீலின் பலமே இருக்கிறது. வேறு வகை ரீல்களில், வீசும் இரைதான் ஸ்பூலையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அதற்கு இரையில் கொஞ்சம் கனம் வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. ஐந்து கிராம் லூரைக்கூட (லூர் என்றால் செயற்கை இரை) சுலபமாக வீசலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நூல் சிக்காகும் தொல்லையும் குறைவு.

இன்றைய ஸ்பின்னிங் ரீலுக்கு முன்னோடியான ஒரு கருவிக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஜவுளித் தொழிலில் இருந்தவர். மெல்லிய நூலில் லேசான இரையை வீசவேண்டும் என்பதுதான் அவருடைய தேவையும். ஆக, 'லைட்' என்பது இந்த ரீலின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆனால் அவர் லேசாக்க நினைத்தது நூலையும் இரையையும். இன்று நாம் லேசாக்க நினைப்பது ரீலை. இரண்டும் ஒன்றில்லை.

எத்தனை கிராம் இருந்தால் 'லைட்'?

நம் ஊரில் அதிகம் விற்பது 2500 சைஸ். அதையே எடுத்துக்கொள்வோம்.

ஆரம்ப விலை ரீல்கள் பெரும்பாலும் 240 முதல் 290 கிராம் வரை இருக்கும். நடுத்தர விலையில் 200 முதல் 230 கிராம். லேசாக இருக்கவேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட உயர்ரக மாடல்கள் 150 முதல் 190 கிராம். கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் ஏறக்குறைய 170 முதல் 200 கிராம் இருக்கும். அந்த எடைக்குள் முழு ரீலும் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவான ரீலுக்கும் உயர்ரக ரீலுக்கும் வித்தியாசம் சுமார் 100 கிராம். இது பெரிய விஷயமா? அது நீங்கள் எப்படி மீன் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

லூர் போடுபவர் ராடைக் கீழே வைப்பதே இல்லை. வீசுவது, இழுப்பது, மறுபடி வீசுவது என்று மூன்று மணி நேரத்தில் 250, 300 முறை வீசிவிடுவார். அவருக்கு 100 கிராம் தெரியும். மணிக்கட்டில் தெரியும், மறுநாள் காலையில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இறாலையோ மண்புழுவையோ கோத்து வீசிவிட்டு, ராடைக் கவைக்குச்சியில் சாய்த்துவிட்டு டீ குடிப்பவருக்கு? 100 கிராம் ஒரு பொருட்டே இல்லை. அவர் அந்தக் காசை நல்ல நூலுக்கும் முள்ளுக்கும் செலவழிக்கலாம். 'லைட் வெயிட்' என்ற லேபிளுக்காகக் கூடுதலாக இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கத் தேவையே இல்லாத ஆட்கள் இவர்கள்தான்.

2500-ன்னா என்ன அர்த்தம்?

1000, 2000, 2500, 3000, 4000... இந்த நம்பர்கள் கிராமும் இல்லை, மீட்டரும் இல்லை. ரீலின் அளவைச் சொல்லும் குறியீடு மட்டும்தான். நம்பர் கூடினால் ஸ்பூல் பெரிதாகும், நூல் அதிகம் பிடிக்கும், எடையும் கூடும்.

ஒரே ஒரு தொல்லை. சட்டைக்கு 40, 42 என்பதுபோல எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு இது இல்லை. ஒரு கம்பெனியின் 2500 இன்னொரு கம்பெனியின் 3000 அளவுக்கு இருக்கலாம். ஒரே கம்பெனிக்குள்ளேயேகூட மாறும். டெய்வா 2018-ல் 'எல்டி' என்ற பெயரில் (லைட் அண்ட் டஃப் என்பதன் சுருக்கம்) புதிய ரீல்களைக் கொண்டுவந்தபோது பாடியின் அளவைச் சுருக்கியது. அதனால் பழைய 2500-ஐயும் எல்டி 2500-ஐயும் பக்கத்தில் வைத்தால் புதியது சிறிதாகத் தெரியும். ஷிமானோவில் 'சி3000' என்று இருந்தால், 2500-ன் கச்சிதமான பாடியில் 3000-க்கான ஸ்பூல் என்று அர்த்தம்.

அதனால் இரண்டு ரீல்களின் எடையை ஒப்பிடும்போது நம்பரை மட்டும் பார்க்கக்கூடாது. எத்தனை மீட்டர் நூல் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சின்ன ரீலை 'லைட்டான ரீல்' என்று நினைத்து வாங்கிவிடுவோம்.

எந்த மீனுக்கு எந்த சைஸ்?

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

• 1000 – 2000: குளம், குட்டையில் திலேப்பியா (ஊரில் ஜிலேபி), சின்னக் கெண்டை. மெல்லிய நூல், சிறிய லூர்.

• 2500 – 3000: ஏரியில் விரால், கழிமுகத்தில் நடுத்தரக் கொடுவா, சிறிய பாரை, சீலா. ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்றால் இந்த சைஸ்தான்.

• 4000: கடற்கரையில் நின்று அலைக்கு அப்பால் வீச, பெரிய கொடுவா, பாரைக்கு.

• அதற்கு மேல்: படகில் போய்ப் பெரிய மீன்களைத் தேடுபவர்களுக்கு. அங்கே 'லைட் வெயிட்' பேச்சே எழாது.

மீனின் அளவைப்போலவே முக்கியம், அது எங்கே இருக்கிறது என்பது. திறந்த தண்ணீரில் மூன்று கிலோ மீனைச் சின்ன ரீலில் நிதானமாக விளையாடிப் பிடித்துவிடலாம். அதே மூன்று கிலோ கொடுவா பாலத் தூணுக்குப் பக்கத்தில் கடித்தால் கதை வேறு. கடித்த அடுத்த நொடி அது தூணை நோக்கி ஓடும். தூணில் சிப்பி ஒட்டியிருக்கும். நூல் அதில் உரசினால் அவ்வளவுதான். அந்த இடத்தில் மீனைத் திருப்பப் பலம் வேண்டும். 1000 சைஸ் ரீலைக் கொண்டுபோய் நிற்பதில் அர்த்தமில்லை.

கை வலிக்கு உண்மையான காரணம்

இப்போது அந்த எட்டடி ராடுக்கு வருவோம்.

ஒரு ராடை ரீல் மாட்டியபடி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஆட்காட்டி விரலில் படுக்கையாக நிறுத்திப் பாருங்கள். ராடு ஏறக்குறைய மட்டமாக நின்றால் பேலன்ஸ் சரி. நுனி கீழே சாய்ந்தால் அது 'நுனி கனம்'.

நுனி கனமாக இருக்கும் ராடைப் பிடித்திருக்கும்போது, நுனியைத் தூக்கி நிறுத்த மணிக்கட்டு விடாமல் வேலை செய்கிறது. நீளமான துடைப்பத்தை அடிப்பக்கம் பிடித்து நேராக நீட்டிப் பாருங்கள், புரியும். துடைப்பம் அப்படியொன்றும் கனமில்லை. ஆனால் கை சீக்கிரம் நடுங்கும். ரீல் அப்படி இல்லை. அது நம் உள்ளங்கைக்கு நேர் கீழே தொங்குகிறது. அதன் கனம் கையை நேராகக் கீழே இழுக்கிறதே தவிர, மணிக்கட்டை மடக்குவதில்லை. சொல்லப்போனால், நீளமான ராடின் நுனி கனத்துக்கு ஓரளவு ஈடுகொடுப்பதே ரீலின் கனம்தான். அதைக் குறைத்தால் நுனி இன்னும் சாயும்.

அதனால் விதி சிம்பிள்: ஆறரை, ஏழடி லேசான ராடு என்றால் லேசான ரீல் பொருந்தும். எட்டு, ஒன்பதடி ராடு என்றால் கொஞ்சம் கனமான ரீல்தான் கைக்குச் சுகம். ரீல் வாங்கப் போகும்போது ராடையும் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான். ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் தங்கள் ராடின் நீளத்தையும் எடையையும் முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

எடையை எங்கே குறைத்தார்கள்?

ஒரு ரீல் லேசாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சின்ன ரீல். இரண்டு, நல்ல பொருள். மூன்று, மட்டமான பொருள். மூன்றாவதுதான் ஆபத்து.

அலுமினியம் பாடி உறுதியானது, ஆனால் எடை கூடுதல். மெக்னீசியம் அதைவிட லேசானது. ஆனால் மேல்பூச்சு உரிந்தால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரிக்கும். கார்பன் கலந்த ரெசின் வகை லேசாகவும் இருக்கும், துருவும் பிடிக்காது. ஷிமானோவின் 'சிஐ4 பிளஸ்', டெய்வாவின் 'சையான்' எல்லாம் இந்த ரகம்.

மலிவு ரீல்களின் பெட்டியில் 'கிராஃபைட் பாடி' என்று போட்டிருக்கும். பெயர் கம்பீரமாக இருந்தாலும் பெரும்பாலும் அது சாதாரண பிளாஸ்டிக்கைவிடச் சற்றே பலமான ஒன்றுதான். சின்ன மீனுக்குப் பிரச்னை இல்லை. பெரிய மீன் இழுக்கும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். பாடி முறுக்கினால் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. ஹேண்டில் சுற்றவே கஷ்டமாகும். நாளடைவில் 'கரகர' சத்தம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம், ரோட்டார். ரீலில் அதிகம் சுழலும் பாகம் அதுதான். அதன் எடை குறைந்தால், சுற்ற ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் சட்டென்று நடக்கும். லூரைத் தட்டித் தட்டி இழுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தண்ணீருக்குள் மீன் லேசாகத் தொடுவதும் கையில் தெரியும். ஆக, மொத்த எடையில் 30 கிராம் குறைவதைவிட, ரோட்டாரில் பத்து கிராம் குறைவது சில சமயம் அதிகப் பலன் தரும்.

விலை கூடினால் எடை குறையும் என்பதும் உண்மையில்லை. ஷிமானோவின் உச்ச மாடலான 'ஸ்டெல்லா' 2500 சைஸில் 200 கிராமைத் தாண்டும். அதே கம்பெனியின் 'வேன்ஃபோர்டு' அதைவிடப் பல மடங்கு விலை குறைவு, எடையோ சுமார் 180 கிராமுக்குள். ஸ்டெல்லாவை வாங்குபவர் காசு கொடுப்பது மழமழவென்ற சுழற்சிக்கும் உறுதிக்கும், எடைக்காக இல்லை. ஜப்பானில் ஷிமானோ தன் ரீல்களை, லேசாகச் சட்டென்று இயங்கும் வகை, கனமாக நின்று இழுக்கும் வகை என்று இரண்டு குடும்பமாகவே பிரித்து விற்கிறது. இரண்டில் எது உசத்தி என்று இல்லை. வேலை வேறு.

டிராக்... கிலோ கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள்

மீன் பலமாக இழுக்கும்போது நூல் அறுந்துவிடாமல், ஸ்பூல் வழுக்கி நூலை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடுதான் டிராக். பெரும்பாலான ரீல்களில் ஸ்பூலின் தலையில் இருக்கும் குமிழைத் திருகி இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

பெட்டியில் 'அதிகபட்ச டிராக் 9 கிலோ' என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடத் தோன்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நூலின் தாங்கும் திறனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை வைப்பதுதான் வழக்கம். நீங்கள் போட்டிருப்பது 15 பவுண்டு நூல் என்றால் அது தாங்குவது சுமார் 6.8 கிலோ. டிராக் வைக்க வேண்டியது 1.7 முதல் 2.2 கிலோ. அப்புறம் அந்த 9 கிலோ எதற்கு?

பார்க்கவேண்டியது, டிராக் எவ்வளவு சீராக விடுகிறது என்பதை. நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல வரவேண்டும். முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு சடக்கென்று விட்டால் அந்த ரீலை ஓரமாக வைத்துவிடுங்கள். மெல்லிய நூலில் அந்த ஒரு 'சடக்' போதும், அறுந்துவிடும்.

நூல் அறுந்தால் நஷ்டம் நமக்கு மட்டுமில்லை. முன்னூறு ரூபாய் லூர் போனது ஒரு பக்கம். வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நூலோடும் திரியும் மீன் இன்னொரு பக்கம். அந்த நூல் மாங்குரோவ் வேரில் சிக்கினால் மீனால் நகர முடியாது. கரையில் ஒதுங்கினால் கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும். மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அளவுக்கு மீறி லேசான சாமானில் பெரிய மீனை அரைமணி நேரம் இழுத்தடித்தால், விட்ட பிறகும் அது களைப்பிலேயே செத்துப்போகலாம். 'சின்ன ரீல்ல பெரிய மீன்' என்பது ரீல்ஸ் வீடியோவுக்கு நன்றாக இருக்கும். மீனுக்கு நன்றாக இருக்காது.

12+1 பேரிங்... அதிகம் இருந்தால் நல்லதா?

இல்லை. பேரிங் எண்ணிக்கை என்பது செல்போன் கேமராவின் மெகாபிக்சல் மாதிரி. விளம்பரத்துக்கு வசதியான நம்பர். தரமான நான்கைந்து பேரிங், மட்டமான பன்னிரண்டைவிட மேல். கடலோரத்தில் மீன் பிடிப்பவருக்கு ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்கக்கூடிய ஒரு இடம் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த '+1' என்ன? ஹேண்டில் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி உருளைப் பேரிங். நல்ல ரீலில் ஹேண்டிலைப் பின்பக்கம் தள்ளினால் துளிகூட அசையாது.

கியர் ரேஷியோ எவ்வளவு வேண்டும்?

'5.2:1' என்றால் ஹேண்டிலை ஒருமுறை சுற்றினால் ரோட்டார் 5.2 முறை சுற்றும். 2500 சைஸில் ஸ்பூலின் சுற்றளவு சுமார் 14 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 70 – 75 சென்டிமீட்டர் நூல் உள்ளே வரும். 6.2:1 என்றால் 85 – 90 சென்டிமீட்டர்.

வேகம் கூடினால் பலம் குறையும், சைக்கிள் கியர் போலத்தான். மெதுவாக இழுக்கவேண்டிய லூருக்கு 5 பக்கம் இருக்கும் ரேஷியோ சுகம். வேகமாக நீந்தும் பாரை, சீலாவுக்கு லூரை விரட்டி இழுக்க வேண்டும், அங்கே 6 உதவும். முதல் ரீலுக்கு 5.0 முதல் 5.3 வரை இருந்தால் போதும்.

நூலையும் எடையில் சேருங்க

மெல்லிய பிரெய்டு நூல் போட்டால் ரீலின் சைஸையே ஒரு படி குறைக்கலாம். நைலான் நரம்பு ஒரே பலத்துக்குத் தடிமனாக இருக்கும், அதனால் பெரிய ஸ்பூல் வேண்டும். பிரெய்டு அதே பலத்தில் மிக மெல்லியது. 2500 ரீலில் 'பிஇ 1' அளவுள்ள பிரெய்டு 150 மீட்டர் இருந்தால் கழிமுகத்துக்குத் தாராளம்.

பிரெய்டைச் சுற்றும்போது அடியில் கொஞ்சம் நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் ஏற்றுங்கள். இல்லையென்றால் மொத்த நூலும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுப்போனதோ என்று சந்தேகம் வரும். ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வீசி முடித்ததும் பெயிலைக் கையால் மூடுங்கள். ஹேண்டிலைச் சுற்றி மூடும் பழக்கம்தான் பாதிச் சிக்குகளுக்குக் காரணம். கொடுவாவுக்குப் போகிறவர்கள் நுனியில் தடித்த லீடர் நூல் கட்டாமல் போகக்கூடாது. அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி.

உப்புதான் வில்லன்

ஈ.சி.ஆரில் மீன் பிடிப்பவரின் ரீலை மீனைவிட அதிகம் சோதிப்பது உப்புதான். எவ்வளவு விலை உயர்ந்த லைட் வெயிட் ரீலாக இருந்தாலும் கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் முடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியது இதுதான். டிராக் குமிழை இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே போகாது. குழாயை மெதுவாகத் திறந்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். பக்கெட்டில் ஊறப் போடவே கூடாது. துணியால் துடைத்து நிழலில் காயவைத்த பிறகு டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், வாஷர்கள் அமுங்கிப் போகாமல் இருக்கும். நூல் உருளும் லைன் ரோலருக்கும் ஹேண்டில் குமிழுக்கும் அவ்வப்போது ஒரு சொட்டு ரீல் ஆயில். மொத்தம் பத்து நிமிட வேலை.

பட்ஜெட் எப்படிப் பிரிப்பது?

விலை கடைக்குக் கடை மாறும். மொத்தமாக 8,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ரீலுக்கு 3,500. ராடுக்கு 2,500. பிரெய்டு, லீடருக்கு 1,000. நான்கைந்து லூர், முள் கழற்றும் பிளையர் இவற்றுக்கு 1,000. இந்தப் பங்கீட்டில் ஒரு நல்ல கம்பெனியின் ஆரம்ப நிலை 2500 ரீல் வரும். எடை 250 கிராம் சுற்றி இருக்கும். பரவாயில்லை. ஏழடி லேசான ராடில் மாட்டினால் கை ஏற்றுக்கொள்ளும்.

எட்டாயிரத்தையும் ரீலிலேயே போட்டுவிட்டு, 800 ரூபாய் ராடில் மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பெயரே கேள்விப்படாத '180 கிராம், 13 பேரிங், 1,200 ரூபாய்' ரீலும் அதே தவறுதான், திசை மட்டும் வேறு. அதற்கு ஒரு பெயில் ஸ்பிரிங் உடைந்தால்கூட மாற்று கிடைக்காது.

கடையில் ஐந்து நிமிட டெஸ்ட்

• உங்கள் ராடில் மாட்டி, விரலில் நிறுத்திப் பேலன்ஸ் பாருங்கள்.

• ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு, தட்டல் இருக்கக்கூடாது. வேகமாகச் சுற்றும்போது ரீல் ஆடக்கூடாது.

• ரோட்டாரையும் பாடியையும் விரலால் லேசாக அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் யோசியுங்கள்.

• டிராக்கைத் தளர்த்தி, இறுக்கி, நூலை இழுத்துப் பாருங்கள்.

• பெயிலைப் பத்துமுறை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி 'டக்' என்று விழவேண்டும்.

• ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எங்கே வீசலாம் என்பதையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். சரணாலயப் பகுதிகளில் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக்கூடாது. ஏரி, அணைகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. அறுந்த நூலைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?

முதலில் பார்த்த கடைப் பேச்சு நல்ல கடைக்காரரிடம் நடந்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அவர் புது ரீல் எதையும் எடுக்கமாட்டார். வந்தவர் கொண்டுவந்த 'கனமான' ரீலையே வாங்கி, சுவரில் சாய்ந்திருக்கும் ஏழடி ராடு ஒன்றில் மாட்டிக் கையில் கொடுப்பார்.

"இப்ப பாருங்க தம்பி."

"அட, லைட்டா இருக்கேண்ணே! இது எந்த ரீலு?"

"உங்க ரீலுதான்."